தவம் முதலா, தனம் முதலா?

ராஜபாளையம் பக்கத்துத் தளவாய்புரம் என்றதும் பலருக்கு நைட்டிதான் ஞாபகம் வரும். அங்கே ஒரு தையல் யூனிட்டில் கணக்கு எழுதும் கல்லூரி மாணவர் ஒருவர் பைத்தான் கற்றுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலில் உள்ள பண்டல் எண்கள் 9, 12, 100. சார்ட் செய்தால் 100, 12, 9 என்று வருகிறது! காரணம், ஃபைலிலிருந்து படித்தவை எண்கள் அல்ல, எழுத்துகள். முதல் எழுத்து 1 என்றால் 9-க்கு முன்னால், அவ்வளவுதான். எண்ணாக மாற்றிவிட்டால் சரியாகும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம்... எண்ணாகவே கொடுத்தாலும், தனியாகச் சொல்லாவிட்டால் எழுத்தாக மாற்றித்தான் ஒப்பிடும்.

அடுத்தது சைஸ். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்பவை ஆங்கில அகரவரிசையில் எல், எம், எஸ், எக்ஸ்எல் ஆகிவிடும். எஸ் என்றால் 1, எம் என்றால் 2 என்று நாமே ஒரு அட்டவணை கொடுக்க வேண்டும். 2004-ல் வந்த பைத்தான் 2.4-லிருந்து 'கீ' என்ற வசதி இதற்குக் கைகொடுக்கிறது.

இவை உடனே கண்ணில் படும் தவறுகள். தமிழில்தான் சிக்கல். தலை, தவம், தழை, தளம், தறி, தனம் என்பது அகராதி வரிசை. பைத்தான் தருவதோ தனம், தறி, தலை, தளம், தழை, தவம்!

ஏன் இப்படி? யூனிகோடின் தமிழ் அட்டவணை, 1988-ன் இஸ்கி முறையைப் பின்பற்றியது. அதில் இந்திய எழுத்துகளுக்கெல்லாம் தேவநாகரியை ஒட்டிய ஒரே அமைப்பு. அதனால் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ல-வுக்குப் பக்கத்தில் ள, ழ என்று உட்கார்ந்துவிட்டன. புள்ளிக்கும் கடைசியில்தான் இடம். எனவே அகராதியில் 'பகல்' என்பதற்கு முன்னால் வரும் 'பக்கம்', இங்கே பின்னால் போய்விடும்.

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? நீளமான கூலிப் பட்டியலில் தனலட்சுமியைத் தேடுபவர் தவமணிக்குக் கீழேதான் பார்ப்பார். அங்கே இருக்காது. "பேரு லிஸ்ட்ல இல்லக்கா" என்று சொல்லிவிட்டால், வாரமெல்லாம் தைத்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

தீர்வு இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் கொலேட்டரிடம் மொழி தமிழ் என்று சொன்னால் போதும். பைத்தானுக்கு ஐசியு நூலகம் உண்டு. எதுவானாலும், பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் தவத்துக்குப் பிறகு தனம் வருகிறதா, பகலுக்கு முன் பக்கம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.