ஈமாக்ஸ் வாங்கிய கடன்

இன்று ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் இறக்கி, இரண்டு முறை சொடுக்கினால் போதும். அது எந்த இயந்திரத்துக்காகத் தயாரிக்கப்பட்டது என்ற கேள்வியே யாருக்கும் எழுவதில்லை. ஆனால் 1980களில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை நிறுவ நினைத்தவருக்கு அதுதான் முதல் கேள்வி.

அந்த எடிட்டரின் பெயர் குனு ஈமாக்ஸ். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1984-ல் எழுதத் தொடங்கி 1985-ல் வெளியிட்டார். நோட்பேட் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது என்று சொன்னால் ஈமாக்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். உள்ளே லிஸ்ப் என்ற ஒரு முழு மொழியே குடியிருக்கிறது. அடித்தளம் சி மொழியில் எழுதப்பட்டது, அதன் மேல் எழும்பிய கட்டிடத்தில் பெரும்பகுதி லிஸ்பில்.

அந்தக் காலத்தில் டெக், சன், எச்.பி., ஐ.பி.எம். என்று ஆளுக்கொரு புராசஸர், ஆளுக்கொரு யுனிக்ஸ். ஒன்றில் தயாரான நிரல் இன்னொன்றில் ஓடாது. அதனால் ஈமாக்ஸ் மூல நிரலாகவே கைமாறியது. தைத்த சட்டையாக இல்லாமல் துணியாகக் கொடுப்பது போல. அளவெடுத்துத் தைத்துக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு.

அளவெடுப்பது எப்படி? மூல நிரலோடு இரண்டு வகைச் சிறு கோப்புகள் வந்தன. ஒரு வகை இயங்குதளத்துக்கு, இன்னொரு வகை இயந்திரத்துக்கு. 18-ம் பதிப்பு வரை நிறுவுபவரே ஒரு கோப்பைத் திறந்து, தன் கணினிக்குப் பொருந்தும் இரண்டின் பெயரையும் கையால் எழுத வேண்டும். எந்த இயந்திரத்துக்கு எது, எதில் என்ன தொல்லை என்று சொல்ல 'மெஷின்ஸ்' என்று ஒரு தனிக் கோப்பும் இருந்தது. 1993-ல் வந்த 19-ம் பதிப்பில் 'கான்ஃபிகர்' என்ற சிறு நிரல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

அந்த இயந்திரக் கோப்பில் அப்படி என்னதான் இருந்தது? இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, பைட்டுகளின் வரிசை. ஒரு பில்லில் 03/04 என்று தேதி இருக்கிறது. இந்தியாவில் அது ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. இரண்டு வழக்கமும் தவறில்லை. ஆனால் எந்த வழக்கம் என்று தெரியாமல் பேரேட்டில் ஏற்றினால் கணக்கு உதைக்கும். ஒரு பெரிய எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது சில புராசஸர்கள் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கின்றன, சில கடைசியில் வைக்கின்றன. எந்த வழக்கம் என்பதை அந்தக் கோப்பு சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது இன்னும் சுவாரசியம். லிஸ்பில் ஒவ்வொரு பொருளோடும் அது எண்ணா, எழுத்துத் தொடரா, பட்டியலா என்ற வகைக் குறிப்பும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய ஈமாக்ஸ் 32 பிட் இடத்தில் மேலே இருக்கும் 8 பிட்டை இதற்கென்று எடுத்துக்கொண்டது. மீதி 24. அதில்தான் எண்களும் நினைவக முகவரிகளும் அடங்க வேண்டும். விளைவு, சுமார் 8 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைத் திறக்க முடியாது. 1995-ல் வந்த 19.29 பதிப்பில்தான் இந்த எல்லை 128 மெகாபைட்டுக்கு உயர்ந்தது. 64 பிட் இயந்திரங்களில் நடைமுறையில் எல்லையே இல்லை.

சில இயந்திரங்கள் தரவுகளை நினைவகத்தின் உயரமான முகவரிகளில் வைத்தன. மேல் பிட்டுகளை வெட்டிவிட்டால் முகவரி பாதிதான் மிஞ்சும். அதற்கு வழி, வெட்டிய பகுதி எப்போதும் ஒன்றேதான் என்பதால் அதை இயந்திரக் கோப்பில் ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒட்டிக்கொள்வது. உள்ளூர் எண்ணை மட்டும் டைரியில் குறித்துக்கொண்டு, வெளியூரிலிருந்து பேசும்போது எஸ்.டி.டி. கோடைச் சேர்த்துக்கொள்கிற அதே தந்திரம்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைச் செலவு. பெரிய கடன் ஒன்று இருக்கிறது.

ஈமாக்ஸ் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தன் லிஸ்ப் கோப்புகளையெல்லாம் படித்து முடிக்க வேண்டும். அன்றைய இயந்திரங்களில் அதற்கு நேரம் பிடித்தது. எடிட்டரைத் திறந்துவிட்டுக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? அதனால் ஒரு உபாயம் கண்டார்கள். நிறுவும்போதே 'டெமாக்ஸ்' என்ற வெறும் ஈமாக்ஸ் ஒன்று தயாராகும். அது லிஸ்ப் கோப்புகளை ஒரு முறை படித்து முடிக்கும். பிறகு தன் நினைவகத்தை அப்படியே படம் பிடித்து, இயங்கக்கூடிய புதிய கோப்பாக வட்டில் எழுதிவிடும். அதுதான் பயனருக்குக் கிடைக்கும் ஈமாக்ஸ். இந்த வித்தைக்குப் பெயர் 'அன்எக்செக்'.

வித்தை பலித்தது. ஆனால் இயங்கும் கோப்பின் அமைப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்லவே. ஈ.எல்.எஃப்.க்கு ஒரு அன்எக்செக், ஐ.பி.எம். ஏ.ஐ.எக்ஸ்.க்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, மேக் ஓ.எஸ். எக்ஸ்க்கு ஒன்று என்று எழுத வேண்டியதாயிற்று. 2000களில் லினக்ஸில், பாதுகாப்புக்காக நினைவக முகவரிகளை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைக்கும் ஏற்பாடு வந்தது. பிடித்த படம் பொருந்தாமல் போனது. அந்தப் பாதுகாப்பைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு ஈமாக்ஸைத் தயாரிக்க வேண்டிய நிலை வந்தது. லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி, நினைவகத்தைப் பங்கிடும் பகுதியில் ஈமாக்ஸுக்காகச் சில ஏற்பாடுகளைச் சுமந்துகொண்டிருந்தது. 2016-ல் அவர்கள், 'இனி இவற்றை விலக்கப் போகிறோம்' என்று சொன்ன பிறகுதான் பிரச்சினை கழுத்துக்கு வந்தது.

பல ஆண்டு விவாதத்துக்குப் பின், இயந்திரத்தின் கோப்பு அமைப்பைச் சாராத புதிய முறை தயாரானது. 2020 ஆகஸ்டில் வெளியான 27.1 பதிப்பில் அதுவே வழக்கமான முறையாயிற்று. முழு நிரலையும் படம் பிடிப்பதற்குப் பதில், லிஸ்ப் பொருள்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதி வைத்து, தொடங்கும்போது ஏற்றிக்கொள்கிறது. புது இயந்திரம் வந்தால் அதற்கென்று ஒரு அன்எக்செக் எழுத வேண்டியதில்லை. இயந்திரத்துக்கு ஒன்றாக இருந்த அந்தச் சிறு கோப்புகள் அதற்கு முன்பே, 2010களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டன.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால், அன்எக்செக் ஒரு நீண்ட காலக் கடன். வாங்கியது தவறா? இல்லை. அந்த வேகம் இல்லாமல் ஈமாக்ஸ் அன்று பயனர்களைப் பிடித்திருக்குமா என்பது சந்தேகம். கடன் வாங்கித் தொழில் தொடங்குவதில் குற்றமில்லை. ஆனால் வேகத்தை அனுபவித்தவர்கள் பயனர்கள். வட்டி கட்டியவர்கள், ஒவ்வொரு புது இயந்திரத்துக்கும் ஈமாக்ஸைக் கொண்டுபோக உட்கார்ந்தவர்கள். 35 ஆண்டு வட்டி! எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் அது பொறுப்பாகக் காட்டப்படவில்லை. ஒரு கம்பெனி இப்படிக் கணக்கு எழுதினால் தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவாரா?

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் காலத்து எத்தனையோ எடிட்டர்கள் தாங்கள் பிறந்த இயந்திரத்தோடேயே மறைந்துபோயின. ஈமாக்ஸின் பேரேடு எல்லோருக்கும் திறந்திருந்ததால், தன் இயந்திரத்துக்கு வேண்டும் என்று நினைத்த எவரும் உட்கார்ந்து வட்டியைக் கட்ட முடிந்தது. அசலையும் கடைசியில் அப்படித்தான் அடைத்தார்கள். பூட்டி வைத்த மென்பொருளில் உரிமையாளர் கடையை மூடினால், கடனோடு சொத்தும் போய்விடும்.

இன்று லினக்ஸில் ஈமாக்ஸைத் தயாரிப்பது அவ்வளவு பாடில்லை. தேவையான நிரலகங்களை நிறுவிவிட்டு, மூல நிரல் அடைவுக்குள் போய் கான்ஃபிகர், மேக் என்று வரிசையாக இயக்கினால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும். 'இந்த புராசஸருக்கென்றே தயாரி' என்று கம்பைலரிடம் சொல்லும் 'மார்ச்=நேட்டிவ்' என்ற விருப்பத்தைக் கொடுத்துத் தயாரித்ததை நண்பரின் பழைய கணினிக்குக் கொண்டுபோனால், அங்கே ஓடாமல் விழக்கூடும். தன் அளவுக்குத் தைத்த சட்டை தம்பிக்குப் பொருந்த வேண்டுமென்று சட்டமில்லை.

கான்ஃபிகர் ஓடி முடித்ததும் அதே அடைவில் 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பு இருக்கும். திறந்து படித்துப் பாருங்கள். புராசஸர் எது, பைட் வரிசை எது, என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்த விவரம் பதிவாகியிருக்கும். ஒரு காலத்தில் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் தன் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கண்டுபிடித்து, அடுத்தவருக்காக எழுதி வைத்தார்.