சூரன் மயிலானது எதற்காக?

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரசங்காரம் கண்டு மகிழாத சைவர் இலர். அதன் உட்பொருளைச் சிந்திப்போர் சிலரே. வேற்படையால் பிளவுண்ட சூரபன்மன் அழிந்தொழியவில்லை. ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் மாறி, எம்பெருமானுக்கு வாகனமும் கொடியும் ஆயின. ஆணவம் ஒடுங்கியது; ஆன்மா திருப்பணிக்கு வந்தது. தண்டனையின் பயன் இதுவே.

பலெர்மோவில் கபோ சந்தைக்கு மரக்கறி வாங்கச் செல்லும் அன்பர்கள், அருகிலுள்ள நீதிமன்ற மாளிகையைக் கண்டிருப்பர். அங்கே தண்டிக்கப்படுவோர் ஊச்சார்தோனே முதலிய சிறைகளுக்குச் செல்கின்றனர். தண்டனை குற்றவாளியைத் திருத்தும் நோக்குடையதாய் இருத்தல் வேண்டும் என்பது இத்தாலிய அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு. 1975ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. சீர்திருத்த முயற்சியில் மனமொப்பி ஈடுபடுவோருக்கு ஆறு மாதத்துக்கு 20 நாள் குறைக்கப்பட்டது; 1986இல் அது 45 நாளாயிற்று.

அதே 1975இல் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் கோயங்கா அவர்கள் விபாசனா தியான முகாம் நடத்தினார். கொடுங்குற்றவாளிகள் சிலர் விலங்குடன் அழைத்து வரப்பட்டனர். விலங்கிட்டவர்க்குக் கற்பிக்க இயலாது என்று அவர் மறுக்கவே, விலங்குகள் அகற்றப்பட்டன. 1994இல் தில்லி திகார் சிறையில், கிரண் பேடி பொறுப்பிலிருந்த காலத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே முகாமில் அமர்ந்தனர். சினம் எழும் கணத்தில் அதனைத் தன் உடலிலும் மூச்சிலும் கண்டறிந்து, கையோங்காது நிற்றலே அங்குக் கற்கும் பாடம்.

தியானத்துடன் தொழிலும் வேண்டும். பலெர்மோவின் மலஸ்பீனா இளையோர் சிறையில் 2016இல் தொடங்கிய பிஸ்கட் பட்டறை, அங்குள்ள இளைஞர்க்குக் கைத்தொழிலும் ஊதியமும் தந்தது.

ஆயினும் இவையெல்லாம் சிறைவாயில் வரையில்தான். வெளியே வருபவனுக்கு வேலையும் வாடகைக்கு ஓர் அறையும் மறுக்கப்படுமாயின், பழைய கூட்டாளிகளே அவனுக்குக் கதவு திறப்பர். மகன் மறியலில் இருப்பதைச் சொல்ல நாணி, கோயிலுக்கு வருவதையே விட்டுவிடும் தாய்மாரும் உண்டு. அவர்கள் செய்த குற்றம் யாது?

துன்புற்றவரின் கண்ணீரை மறப்பது கருணை ஆகாது, அவருக்கே முதலிடம். எனினும், திருந்தி வந்தவனைத் தள்ளி வைப்பதால் அக்கண்ணீர் உலர்வதில்லை. புதிய கண்ணீருக்கே அது வழி செய்யும்.

சிறையிலிருப்பவனுக்கு ஆறுதலாய் ஒரு கடிதம். அவன் தாய்க்கு ஒரு நல்வார்த்தை. திரும்பி வந்தபின் அன்னதானப் பந்தியில் அவனுக்கும் ஓரிடம். மயிலைக் கண்டு கைகூப்பும் அடியார்க்கு இவை அரிய செயல்கள் அல்ல.

முருகன் திருவருள் முன்னிற்பதாக.