பெட்டியில் ‘6 பேர்’ என்று போட்டிருந்தது!

ராத்திரி 2 மணி இருக்கும். நெற்றியில் சொட்டென்று தண்ணீர் விழுந்து விழித்துக்கொண்டேன். மழை பிடித்துவிட்டதோ என்று காதைக் கொடுத்துக் கேட்டால், வெளியே பூச்சிச் சத்தம் மட்டும்தான். ஆனால், கூடாரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம். தலைமாட்டில் வைத்திருந்த துண்டு நனைந்து கிடந்தது.

டார்ச்சை அடித்தால், மூலையில் அத்தை உட்கார்ந்திருக்கிறார்.

“என்ன அத்தை, தூங்கலையா?”

“பாத்ரூம் போகணும்மா. உங்களையெல்லாம் மிதிக்காம எப்படிப் போறதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“எவ்வளவு நேரமா?”

“இருக்கும்... ஒரு மணி நேரம்.”

71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. எங்களை எழுப்பத் தயங்கிக்கொண்டு ஒரு மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இது நடந்தது ஏலகிரியில், இரண்டு வருடங்களுக்கு முந்தைய டிசம்பர் விடுமுறையில். சென்னையிலிருந்து காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பசங்கள் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வர, அத்தை பாரிக்கும் பேகனுக்கும் கதை சொல்லிக்கொண்டே வந்தார். மேலே ஏறினால் சுமார் 1,000 மீட்டர் உயரம். ஊட்டி போல உறைய வைக்கும் குளிர் இல்லை. ஆனால், டிசம்பர் ராத்திரியில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

சொந்தக்காரர் ஒருவருக்கு அங்கே கொய்யாத் தோப்பு இருக்கிறது. “ஹோட்டல் எதுக்கு, தோப்பிலேயே டென்ட் போடலாம்” என்றார் என் கொழுந்தன். ஆன்லைனில் விலை குறைவாக ஒன்றை ஆர்டர் போட்டோம். நாங்கள் இரண்டு பேர், மகன், மகள், அத்தை, கொழுந்தன். மொத்தம் 6 பேர். பெட்டியிலும் ‘6 பேர்’ என்று போட்டிருந்தது. கணக்கு சரியாகத்தானே இருக்கிறது!

அந்தக் கணக்குதான் தப்பு.

42 சென்டிமீட்டர் படுக்கை

ஊர் திரும்பிய பிறகுதான் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். 250 செ.மீ. நீளம், 220 செ.மீ. அகலம், 150 செ.மீ. உயரம். 250-ஐ 6 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 42 செ.மீ.கூட இல்லை. ரயில் பெர்த்தே இதைவிட அகலம். அதிலும் பைகள், தண்ணீர் பாட்டில், செருப்பு வைக்க இடம் கணக்கிலேயே கிடையாது. ‘6 பேர்’ என்றால், 6 உடம்புகளை ஒட்டி ஒட்டி அடுக்கலாம் என்று அர்த்தம். 6 பேர் கொண்ட குடும்பம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அர்த்தமில்லை.

அதனால் பெட்டியில் இருக்கும் எண்ணிலிருந்து 2 பேரைக் கழித்துவிடுங்கள். ‘4 பேர்’ என்றால் 2 பெரியவர்களும் ஒரு சின்னக் குழந்தையும். ‘6 பேர்’ என்றால் 4 பேர். ஆளுக்கு 60 முதல் 70 செ.மீ. அகலம் வருகிறதா என்று டேப் வைத்து அளந்து பார்த்தாலே போதும்.

உயரமும் முக்கியம். 150 செ.மீ. என்பது நடுவில் மட்டும்தான். ஓரத்துக்குப் போகப் போகச் சரிந்துவிடும். நாங்கள் குனிந்து, தவழ்ந்து சமாளித்துவிட்டோம். அத்தையால் குனியவும் முடியவில்லை, தரையிலிருந்து எழவும் முடியவில்லை. கடைசியில் என் கணவர் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. “என்னால உங்களுக்கு எவ்வளவு சிரமம்” என்றார் அத்தை. சிரமம் அவரால் இல்லை, நாங்கள் வாங்கின கூடாரத்தால்.

மழையில்லாமல் நனைந்தது எப்படி?

நாங்கள் வாங்கியது ஒற்றைத் துணிக் கூடாரம். குளிருக்குப் பயந்து ஜிப்பையெல்லாம் இழுத்து மூடிவிட்டோம். 6 பேரின் மூச்சுக் காற்றில் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், குளிர்ந்த துணியில் பட்டு, நீராகிச் சொட்டியிருக்கிறது. கொதிக்கும் பாத்திரத்தின் மூடியில் நீர் கோத்துக்கொள்வது போலத்தான்.

இதற்கு இரட்டை அடுக்குக் கூடாரம்தான் நல்லது. உள்ளே கொசுவலை மாதிரித் துணி, அதன்மேல் சற்று இடைவெளி விட்டு மழைத்துணி. ஈரம் வலை வழியாக வெளியேறிவிடும். அப்படியும் மிஞ்சுவது மழைத்துணியில் படியுமே தவிர, நம் தலையில் விழாது. எவ்வளவு குளிராக இருந்தாலும் மேலே உள்ள காற்று வழியை அடைக்கக் கூடாது.

நிஜ மழைக்கு இன்னொரு எண்ணைப் பாருங்கள். 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அந்த உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் துணி கசியாது என்று பொருள். நம்மூர் மழைக்கு 2,000-க்கு மேல் இருந்தால் நிம்மதி. தையல் ஓரங்களில் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துணி தாங்கினாலும் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும்.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்

அந்த ராத்திரியின் கதை இன்னும் முடியவில்லை. வெளியே போய் வந்த அத்தைக்கு உடம்பெல்லாம் நடுக்கம். சாயங்காலம் சோளம் சுட்ட கரி அடுப்பில் இன்னும் கங்கு இருந்தது. “கொஞ்ச நேரம் உள்ளே வெச்சுக்கலாம் அண்ணி, கதகதன்னு இருக்கும்” என்று கொழுந்தன் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த தோப்புக் காவல்காரர் போட்ட அதட்டலில் நாங்கள் எல்லோரும் ஆடிப்போனோம். “உள்ளே வெக்காதீங்க சார்! தூக்கத்திலேயே போயிடுவீங்க!”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய கூடாரத்துக்குள் அது சேர்ந்தால், தூங்குகிறவர்கள் விழிக்காமலேயே போய்விடலாம். கங்கு அணைகிற மாதிரி தெரிந்தாலும் ஆபத்துதான். கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதுவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது. குளிருக்குக் கம்பளியும், உடம்புக்கு அடியில் தடிமனான விரிப்பும் போதும். குளிரில் பாதி தரையிலிருந்துதான் ஏறுகிறது.

அந்த மனிதர் அன்று விழிக்காமல் இருந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டாவது தடவை

போன டிசம்பரில் பசங்கள் மறுபடி ஏலகிரி என்றார்கள். “நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க” என்றார் அத்தை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அத்தை இல்லாமல் போவதில்லை என்று முடிவு செய்தேன். இந்த முறை கூடாரத்தை அவரை வைத்து அளந்தோம்.

வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தோம். வருடத்துக்கு ஒரு தடவை போகிறவர்களுக்கு அதுதான் லாபம். 6 பேருக்கு ஒரே பெரிய கூடாரமாக எடுக்காமல் இரண்டாக எடுத்தோம். ஒன்று, வீடு மாதிரி நேர்ச் சுவருடன் நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரத்தில். அதில் அத்தை, நான், மகள். மடக்குக் கட்டில் ஒன்றை வாசலை ஒட்டிப் போட்டோம். அத்தை காலைத் தொங்கப்போட்டு எழுந்தால் நேராக வெளியே போகலாம். இன்னொன்று, 4 பேருக்கான சாதாரண டோம் கூடாரம். அதில் கணவர், மகன், கொழுந்தன். கொழுந்தனின் குறட்டையும் அந்தப் பக்கமே போய்விட்டது!

ஒன்று சொல்ல வேண்டும். உயரமான கூடாரம் கனம் அதிகம், கார் இருந்தால்தான் சரிப்படும். காற்றிலும் அதிகம் ஆடும். அதனால் மரமறைவு தேடி, கயிறுகளையெல்லாம் இழுத்துக் கட்ட வேண்டும். காய்ந்த கிளைக்கு அடியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கட்டிப் பார்த்தோம். ஒரு குழாய் விரிசல் விட்டிருந்தது தெரிந்து, மாற்றி வாங்கினோம். இருட்டில் மலைமேல் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

இடத்தையும் மாற்றினோம். முதல் தடவை அழகாக இருக்கிறதே என்று குட்டைப் பக்கம் பள்ளத்தில் போட்டிருந்தோம். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் வந்து தங்கும், மழைத் தண்ணீரும் அங்கேதான் வரும். இந்தத் தடவை மேட்டில், சமதரையில், கழிவறைக்குப் பத்தடி தூரத்தில். தெரிந்தவர் நிலமாக இல்லாவிட்டால், அந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதா, யானை நடமாட்டம் உண்டா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், கூடார முகாமில் தங்கியிருந்த பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். காட்டோரத்தில் துணிச் சுவர் எதையும் தடுக்காது.

அன்று ராத்திரி நிஜமாகவே மழை பெய்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

காலையில் கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. பதறி வெளியே வந்தேன். காவல்காரர் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார். எதிரே பனி மூட்டம்.

“எப்போ அத்தை எழுந்தீங்க?”

“அப்பவே எழுந்துட்டேன். ராத்திரியும் ரெண்டு தடவை வெளியே போயிட்டு வந்தேன். உனக்குத் தெரியாதே!” என்றார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.