அல்சர் என்று சொன்னேன்

காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்துகொண்டு காப்பி வேண்டாம் என்பவனை ஏற்காட்டில் விநோதமாகத்தான் பார்ப்பார்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி வைத்ததிலிருந்து இங்கே பலருக்கு அதுதான் சோறு. மத்தியானத்துக்கு மேல் ஒரு டம்ளர் உள்ளே போனால் எனக்கு நடுராத்திரியில் நெஞ்சு படபடக்கும். அதன் வீரியத்தில் பாதி இறங்கவே ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் டம்ளரை நீட்டினாலும் "அல்சருங்க" என்பேன். அல்சர் கௌரவமான நோய். பதற்றம், மனச்சோர்வு என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் பேர் கூப்பிடும்போது ஒவ்வொரு முகத்திலும் அது தெரிந்திருக்கும்.

இந்தப் பொய் என்னோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சேலத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் 'பேங்க் வேலை' என்று சொல்லிவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவேன். உள்ளூர் மெடிக்கலில் மாத்திரை வாங்கினால் கடைப் பையனுக்குத் தெரிந்துவிடுமே. மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தது. பிறகுதான் மற்றதெல்லாம் முடிந்தது: விடிந்ததும் குளிப்பது, ஏரியைச் சுற்றி நடப்பது, இழுத்த மூச்சை இன்னும் மெதுவாக விடுவது, விருப்பமே இல்லாவிட்டாலும் சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி கட்டப் போய் நிற்பது. மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கை வேலையைத் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பார் டாக்டர். உண்மைதான். ஆனால் படுக்கையை விட்டே எழ முடியாத நாட்களில் இதை யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பெங்களூரில் வேலை பார்த்த அக்கா மகன் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. "மாமாவைப் பாரு, மலைக்காத்தும் நடையுமே சரியாக்கிடுச்சு" என்றாள் அக்கா. தலையாட்டினேன். அதோடு நிற்கவும் இல்லை. பகோடா பாயிண்ட் வரை நடத்திக் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தேன். போனை ஓரமா வை, காப்பியை விடு, தினமும் நட. மாத்திரையை மட்டும் சொல்லவில்லை. அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று டாக்டரைக் கேட்காமலே அதை நிறுத்தினேன். தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டியது, கிறுகிறுத்தது. அதையும் அல்சர் கணக்கில் சேர்த்தேன்.

பையன் சொன்னதையெல்லாம் செய்தான். ஒருநாள் கேட்டான்: "உங்களைச் சரியாக்கின மலை என்னை மட்டும் ஏன் கண்டுக்கல மாமா? கோளாறு என்கிட்டதானா?"

14416 என் போனில் இருந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அதை 'பைக் மெக்கானிக்' என்று பதிந்து வைத்திருந்தேன். சேலம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருப்பதும் தெரியும். "பொறுமையா இருப்பா" என்றேன்.

அவன் திரும்பிப் போனபின் நண்பன் ஒருவன்தான் டாக்டரிடம் கூட்டிப்போனான். "எழுதிக் கொடுத்திருக்காங்க மாமா, சாப்பிடலாமா?" என்று போனில் கேட்டபோதுதான், நானும் சாப்பிடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றான்.

மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டேன், டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு. அக்கா ஒவ்வொரு மே மாதத் திருவிழாவுக்கும் மலையேறி, தம்பியைக் காப்பாற்றியதற்காகச் சேர்வராயனுக்குத் தேங்காய் உடைக்கிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.