கம்பிப் பந்தல்



பதிவு கொஞ்சம் நீளம். நான் எப்போது சுருக்கமாகப் பேசியிருக்கிறேன் என்று என்னிடம் படித்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. இருந்தாலும் கடைசிவரை படியுங்கள். இதில் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது.

போன வாரம் சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரிக்குப் போய் வந்தேன். என்னிடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒரு பிள்ளை அங்கே நான்கு வருடப் பட்டப் படிப்பை முடிக்கிறாள். இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி, பரிசளிப்பு. அவளுக்குக் கூச்சம், பெயர் போட வேண்டாம் என்றாள். ஊர்க்காரர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், பரவாயில்லை.

முதலில் அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1984-ல் நான் வேலையில் சேர்ந்தபோது என் முதல் மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் அவன். கணக்கு வராது, கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, திண்டிவனத்தில் போர்டு எழுதுகிற ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். பத்து வருடத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எந்தக் கடைப் பெயர்ப் பலகையைப் பார்த்தாலும் அவன் எழுத்துதான். மாவு மில், சைக்கிள் கடை, சலூன், டீக்கடை. நூல் அடித்துக் கோடு போட்டு, எனாமலில் எழுதி, ஓரத்தில் நிழல் கொடுப்பான். எழுத்து சுவரை விட்டு வெளியே வந்து நிற்கும்.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. இவன் மூன்று நாள் எழுதுகிற போர்டை மிஷின் கொஞ்ச நேரத்தில் அடித்துக் கொடுத்தது. விலையும் குறைவு. போர்டு எழுதினவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கூலி வேலைக்குப் போனான்.

2008-ல் அவன் மகள் என் வகுப்புக்கு வந்தாள். செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும்: பெஞ்சு கிடையாது, பாய்; ஏணிப்படி, அட்டைகள்; சுவரின் கீழ்ப்பகுதியில் ஆளுக்கொரு கரும்பலகை; தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் செய்ததையும் தொங்கவிடுகிற கம்பிப் பந்தல். எங்கள் பள்ளியின் கீழ்மட்டக் கரும்பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்ததே இவளுடைய அப்பாதான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கம்பிப் பந்தல் பிடிக்காது. தூசி அடையும், காற்றடித்தால் கிழியும். அதைவிட, எல்லாப் பிள்ளைகளுடையதையும் தொங்கவிட வேண்டும் என்றார்கள். நான் பழைய ஆள். நன்றாக வரைந்தவர்கள் நாலு பேருடையதை மட்டும் தேர்ந்தெடுத்து ஒட்டினால்தானே மற்றவர்களுக்கு உறைக்கும் என்று வாதாடினேன். பயிற்சிக்கு வந்த ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "எல்லாருதும் தொங்கட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் தொங்கவிட்டேன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

2018-ல் ஓய்வு பெற்றேன். 2020 ஜூலையில், கொரோனா நேரத்தில், பிளஸ் டூ முடிவு வந்த பிறகு அப்பாவும் மகளும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். இருவரும் மாஸ்க். அவன் திண்ணையில் தள்ளி உட்கார்ந்தான், அவள் கேட் பக்கத்திலேயே நின்றாள்.

"டீச்சர், கவுன்சிலிங்ல போட்டா இன்ஜினியரிங் கிடைக்கும்ங்கிறாங்க. இது படம் வரையற காலேஜுக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. நீங்களே சொல்லுங்க. பிரஷ் புடிச்சி நான் பட்டது போதாதா?"

நான் அவள் பக்கம் திரும்பி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ன வரைகிறாய், கொண்டுவா பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "அப்பா சொல்றதுதான்மா சரி. படம் எங்கயும் ஓடிப்போகாது, லீவுல வரஞ்சுக்கலாம். முதல்ல சோத்துக்கு ஒரு படிப்பு" என்றேன். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. கேட் கம்பியில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

முப்பத்து நாலு வருட அனுபவத்தில் சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த முப்பத்து நாலு வருடத்தில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குக்கூட நான் போனதில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி எவ்வளவு தைரியமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்!

அவள் அம்மாதான் யார் பேச்சையும் கேட்காமல் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். அப்பா மகளோடு பல மாதம் சரியாகப் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கும் அந்தத் தெருப் பக்கம் போகச் சங்கடமாக இருந்தது.

போன மாதம் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "டீச்சர், கண்டிப்பா வாங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னா வருவார்."

நாலு வருடத்துக்கு முன்னால் நான் சொன்னதைக் கேட்டதால்தான் அவன் பிடிவாதம் பிடித்தான். இப்போது அதே வாயால் கூப்பிடச் சொல்கிறாள். அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வேலை இருக்கு டீச்சர்" என்றான். "ஒருநாள் கூலியை நான் தர்றேன், வாடா" என்றேன். ஐம்பதை நெருங்குகிற மனிதன், எனக்கு இன்னும் 'வாடா'தான்.

காலையில் ரயிலில் மூன்று பேரும் கிளம்பினோம். பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் அந்தப் பழைய சிவப்புக் கட்டடங்களைப் பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளே போனது இதுதான் முதல் தடவை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. இரண்டு வருடத்தில் அரசு எடுத்துக்கொண்டது. மெரினாவில் நாம் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோமே, உழைப்பாளர் சிலை, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பிறகு வந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். எழுத்துகளையும் குறிகளையும் வைத்தே ஓவியங்கள் செய்தவர் அவர். இதெல்லாம் அந்தப் பிள்ளை நடந்துகொண்டே சொன்னது. வகுப்பெடுத்துப் பழகிய நான் கைகட்டிக்கொண்டு கேட்டேன்.

ஓவியம், சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, காட்சித் தொடர்பு, அச்சுக்கலை என்று ஒவ்வொரு துறைக்கும் தனி இடம். எல்லா இடத்திலும் பிள்ளைகள் தங்கள் வேலைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ஒரு பையன் தான் செய்த சிற்பத்தைத் தன் பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். ஒரு அம்மா, சுவரில் மகனுடைய படத்துக்குக் கீழே இருந்த பெயர்ச் சீட்டை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை.

நம் பிள்ளை படித்தது அச்சுக்கலை. மரப்பலகையில் உளியால் செதுக்கி, உருளையால் மை தடவி, மேலே காகிதம் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். செதுக்கின இடம் வெள்ளையாக வரும், விட்ட இடம் கறுப்பு. கொரோனாவில் கல்லூரி மூடிக்கிடந்தபோது பிரஸ் இல்லாமல், சோற்றுக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து அச்சு எடுத்தாளாம். வீட்டில் கரண்டி காணாமல் போன ரகசியம் அவள் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளுடைய சுவரில் பத்து அச்சுகள். முதல் படத்தைப் பார்த்ததும் அவன் நின்றுவிட்டான்.

மாவு மில் போர்டு. அடுத்தது சைக்கிள் கடை. அடுத்தது சலூன் கண்ணாடி. பத்தும் அவன் எழுதிய போர்டுகள். சிலது மேல் ஃப்ளெக்ஸ் பாதி மூடியிருந்தது, சிலதில் ஆணி அடித்திருந்தது. கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகை.

அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மாவு மில்லுக்குக் கிட்டே போய், "இந்த 'மி'யோட கொக்கிய நான் இப்படி வளைக்க மாட்டேனே" என்றான்.

"பெயிண்ட் உரிஞ்சுபோச்சுப்பா. உரிஞ்சு இருக்கிறதைத்தான் செதுக்கியிருக்கேன்."

கீழே மேசையில் செதுக்கின பலகைகளையும் வைத்திருந்தாள். அதில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி இருந்தது. எனக்கு எழுத்துக் கூட்டக்கூட முடியவில்லை. அவன் கடகடவென்று படித்தான். நான் ஆச்சரியப்பட்டதும், "கடைக் கண்ணாடிக் கதவுல உள்பக்கமா நின்னு எழுதுவோம் டீச்சர். வெளியிலருந்து பாக்கிறவனுக்கு நேரா தெரியணும்னா திருப்பித்தான் எழுதணும்" என்றான். பிறகு மகளைப் பார்த்து, "நீ எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டான்.

"சலூன் கண்ணாடி எழுதும்போது என்னைத்தானே டர்பன்டைன் டப்பா புடிச்சிக்கச் சொல்லுவீங்க. பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவன் அந்தப் பலகையின் பள்ளங்களில் விரலை ஓட்டிக்கொண்டே நின்றான்.

ஒவ்வொரு அச்சுக்கும் கீழே பென்சிலால் 3/10 என்பது போல எழுதியிருந்தது. "என்னம்மா இது, பத்துக்கு மூணுதான் மார்க் போட்டிருக்காங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டுவிட்டேன். அவளும் தோழிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்துப் பிரதி எடுத்தால் அதில் மூன்றாவது பிரதி என்று அர்த்தமாம். எத்தனை வருடம் பின்னம் நடத்தியிருக்கிறேன்! எதைப் பார்த்தாலும் எனக்கு மார்க்காகத்தான் தெரிகிறது.

மதியம் பரிசளிப்பு. ஒவ்வொரு துறையாகப் பெயர் கூப்பிட்டார்கள். நம் பிள்ளை பெயரும் வந்தது. துறையில் இரண்டாம் பரிசு. நானும் அவள் அம்மாவும் எழுந்து நின்று கைதட்டினோம். பக்கத்தில் பார்த்தால் அப்பாவின் நாற்காலி காலி!

தேடிக்கொண்டு போனேன். அச்சுக்கலைப் பிரிவில், பெரிய சக்கரம் வைத்த பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு மாணவனிடம் எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும், மை எத்தனை தடவை போட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

"டேய், உன் பொண்ணு மேடையில பரிசு வாங்கிட்டா, நீ இங்க நிக்கிற!"

"அப்படியா டீச்சர்?" என்றான். முகத்தில் சந்தோஷம்தான், ஆனால் அதைத் தவறவிட்ட வருத்தம் கொஞ்சமும் இல்லை. "நான்தான் காலையிலயே பாத்துட்டேனே."

அவள் சொன்ன இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்குத் திண்ணையில நான் சொன்னது தப்பும்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் அதற்குப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "அன்னைக்கு வீட்டுக்குப் போய் நிறைய அழுதேன் டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா என் முதல் எக்சிபிஷன் உங்க கிளாஸ்லதான். கம்பிப் பந்தல்ல என் படத்தைத் தொங்கவிட்டப்ப, பாயில மல்லாந்து படுத்துக்கிட்டு அதையே பாத்துட்டு இருப்பேன்" என்றாள்.

நான் வேண்டாவெறுப்பாகக் கட்டின பந்தல்!

திரும்பி வரும்போது ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ ஆண்டு விழாக்களில் நின்று பரிசு கொடுத்திருக்கிறேன். மூன்று பேருக்கு டிபன் பாக்ஸும் சோப்பு டப்பாவும், மற்றவர்களுக்குக் கைதட்டுகிற வேலை. பரிசு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளை மேடையேறியபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்தக் கல்லூரியில் பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரு சுவர் இருந்தது, அதில் அவர்கள் பெயர் இருந்தது, வந்து பார்க்க ஒரு பாட்டி இருந்தார். படித்து முடித்துப் போகிற பிள்ளைக்கு அது முக்கியம். நாலு வருடம் என்ன செய்தாய் என்று வீட்டில் கேட்டால், வாயால் சொல்ல முடியாததைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டலாம்.

உங்களில் பலர் இப்போது பெற்றோர். உங்கள் வீட்டிலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிற பிள்ளை இருக்கலாம். ஓவியம் படித்தால் வேலை நிச்சயம் என்று நான் சொல்ல வரவில்லை. இவளுக்கும் அடுத்து என்ன என்ற கவலை இருக்கத்தான் செய்கிறது. மேற்படிப்புக்கு முயற்சி செய்கிறாள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளை வரைந்ததை வாங்கிப் பாருங்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கண்காட்சி நடக்கும்போது ஒரு தடவை குடும்பத்தோடு போய் வாருங்கள். பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். நான் பார்க்காமல் செய்தேன்.

பள்ளிக்கூடப் பலகை அச்சில் ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தாள். கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ஆணி அடித்துக் கொடுத்தது அவள் அப்பாதான். கோணலாக இல்லாமல் இருக்க நூல் பிடித்துப் பார்த்து அடித்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் பாருங்கள். கீழே 1/10 என்று இருக்கும். மார்க் இல்லை!

அன்புடன்,
உங்கள் டீச்சர்