ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கரியாலூரிலிருந்து ஒரு நன்றி மடல்



கல்வராயன் மலைமேல் கரியாலூரிலிருந்து எழுதுகிறேன். 1748 செப்டம்பரில் புதுச்சேரி வேதபுரீசுவரன் கோயில் இடிபட்டதை அன்றன்றைக்கே உங்கள் நாட்குறிப்பில் நம் தமிழில் எழுதி வைத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பாஸ்கவனின் ஆங்கிலப் படை ஊரை வளைத்திருந்த நேரம் அது. தம் தேவாலயமான சம்பா கோயிலை ஒட்டியே ஈசுவரன் கோயில் இருந்தது சேசு சபைப் பாதிரிமார்களுக்கு வெகுகால உறுத்தல். பல கவர்னர்களிடம் கேட்டும் நடக்காததை, போர்ச் சந்தடியில் கவர்னர் துய்ப்ளேயிடம் சாதித்துக்கொண்டார்கள். நீங்களோ அந்தத் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷ். இடிப்பைத் தடுக்க உங்களால் ஆகவில்லை. ஆனாலும் காரைக்கால் பாதிரியார் கெர்தூ சம்மட்டியோடு வந்து லிங்கத்தை உதைத்ததையும் உடைத்ததையும் ஒளிக்காமல் எழுதினீர்கள்.

இந்தக் கெர்தூ சாதாரண ஆள் இல்லை. நம் சீட்டித் துணிக்குச் சாயமேற்றும் முறையைப் பிரான்சுக்கு விரிவாக எழுதி அனுப்பியவர். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைப் பாரிஸ் அறிஞர்களுக்கு 1760-களிலேயே சொன்னவர். அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியாருக்குப் புகழ் தேடித்தந்த இந்துப் பழக்கவழக்க நூலே பெரும்பாலும் கெர்தூவின் கையெழுத்துப்படியிலிருந்து எடுத்தது என்று 1987-இல் ஆய்வாளர் சில்வியா மூர் நிறுவினார். கெர்தூ எழுதியவற்றை மட்டும் படித்தால் நமக்குத் தெரிவது ஒரு பேரறிஞர். அவர் கையில் இருந்த சம்மட்டி தெரிவது உங்கள் நாட்குறிப்பால்.

இன்னொன்றுக்கும் நன்றி. 1745-இல் புதுச்சேரி தேவாலயத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரை, அவர்கள் நியாயம் கேட்டதும் பாதிரியார் இடிக்கச் சொன்னதையும் நீங்களே பதிந்திருக்கிறீர்கள். வைணவரான உங்களுக்கு அதை எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. எழுதியதால்தான் கோயில் இடிந்த கதையிலும் உங்கள் சொல்லை நம்புகிறேன்.

1736-இல் தொடங்கி 1761-இல் கண்மூடும்வரை எழுதினீர்கள். 1846-இல்தான் மோன்பிரன் என்பவர் கண்ணில் அந்த ஏடுகள் பட்டன. பிறகு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தன.

எங்கள் மலையின் நிலைமை வேறு ஐயா. எங்கள் சாமி கரியராமன் கதையையும் ஊர்ச்சாமிகளின் வழிபாட்டையும் பூசாரிகள் வாய்வழியாகவே காத்து வந்திருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடிகளான எங்களைப் பற்றிப் பழைய எழுத்து வேண்டுமென்றால் 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகள் போன்ற வெளியார் எழுத்தைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் பாட்டன் கையெழுத்தில் ஒரு வரி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதைப் படிக்கும் எங்கள் மலைப் பிள்ளைகளே, உங்கள் ஊர்ப் பூசாரி திடமாக இருக்கும்போதே பக்கத்தில் போய் உட்காருங்கள். சாமியின் பேர், திருவிழா நடக்கும் முறை, அவர் சொல்லும் கதை எல்லாவற்றையும் அவர் பேச்சிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதிய தேதியையும் போட்டு வையுங்கள்.


கரியாலூர்க்காரன் ஒருவன்