பாண்டின் நண்பருக்கு ஏழு முகம்

ஜேம்ஸ் பாண்ட் வேஷம் கட்டியவர்கள் யார் யார் என்று கேட்டால் நம்மில் பலர் உடனே விரல் மடக்கிவிடுவோம். ஷான் கானரி, ஜார்ஜ் லேசன்பி, ரோஜர் மூர், டிமத்தி டால்டன், பியர்ஸ் பிராஸ்னன், டேனியல் கிரேக். 1962 முதல் 2021 வரை ஈயான் (Eon) பட நிறுவனம் எடுத்த 25 படங்களுக்கு ஆறு பேர். பாண்டின் அமெரிக்க நண்பர், சி.ஐ.ஏ. உளவாளி ஃபீலிக்ஸ் லைட்டரைப் பற்றிக் கேளுங்கள், விரல் தடுமாறும். அவர் தலைகாட்டியது பத்தே படங்களில். நடித்தவர்கள் ஏழு பேர். ஈயான் எடுக்காத 'நெவர் சே நெவர் அகெய்ன்' (1983) படத்தின் பெர்னி கேசியையும் சேர்த்தால் எட்டு. பழைய பாண்ட் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. கார், சண்டை, வில்லனின் தீவு எல்லாம் பார்த்துச் சலித்துப்போன பிறகு, இப்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்துகிறவர் இந்த லைட்டர்தான்.

லண்டன் அலுவலகத்து ஆட்களுக்கு இந்தக் கதி நேரவில்லை. மேலதிகாரி எம்-ஆக பெர்னார்ட் லீ 11 படங்கள், மிஸ் மணிபென்னியாக லோயிஸ் மேக்ஸ்வெல் 14, ஆயுதம் செய்துதரும் க்யூ-வாக டெஸ்மண்ட் லெவலின் 17. பாண்ட் மாறியும் அவர்கள் மாறவில்லை. அவர்களுக்கென்று ஓர் அறை, ஒரு மேஜை, பாண்ட் தொப்பியை வீச ஒரு ஸ்டாண்டு. அங்கே வேறு ஆள் உட்கார்ந்தால் உறுத்தும். லைட்டருக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. ஜமைக்கா, மயாமி, நசாவ், லாஸ் வேகஸ் என்று கதை எங்கே போகிறதோ அங்கே வந்து நிற்பார். அறை இல்லாத ஆளை மாற்றுவது சுலபம்.

முதல் லைட்டர் ஜாக் லார்ட். 'டாக்டர் நோ'வில் கறுப்புக் கண்ணாடியோடு அவர் நிற்கும் மிடுக்கில் கானரியை விட்டுவிட்டுக் கண் அவர் பக்கம் போகும். 'கோல்ட்ஃபிங்கர்' (1964) எடுத்தபோது கூடுதல் சம்பளமும் கானரிக்குச் சமமாகப் பெயரும் கேட்டார், அதனால்தான் கழன்றுகொண்டார் என்று சொல்வார்கள். அவர் இடத்துக்கு ஆஸ்டின் வில்லிஸ் என்பவரைப் போட்டிருந்தார்கள். சீட்டாட்டத்தில் கோல்ட்ஃபிங்கரிடம் தோற்கும் சிம்மன்ஸ் வேஷம் செஸ் லிண்டருக்கு. கடைசி நேரத்தில் இருவரையும் இடம் மாற்றினார்கள். லார்டுக்கும் லிண்டருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் லிண்டர் திரையில் பாண்டின் சித்தப்பா மாதிரி இருக்கிறார். மயாமி ஹோட்டலின் நீச்சல் குளத்தோரம் அவர் பாண்டைத் தேடி வருவாரே, அதற்கு அவர் மட்டும் நிஜமாகவே மயாமிக்குப் போனார். கானரி அப்போது ஹிட்ச்காக்கின் 'மார்னி'யில் மாட்டியிருந்தார். மயாமிப் பக்கமே போகவில்லை. லைட்டர் நடந்து வருவது அமெரிக்காவில், பாண்டிடம் வந்து சேர்வது இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில்!

அடுத்தது 'தண்டர்பால்' (1965), ரிக் வான் நட்டர். நசாவ் ஹோட்டல் அறைக்குள் வந்ததும் பாண்டின் ரகசிய நம்பரைச் சொல்ல வாயெடுக்கிறார். வயிற்றில் விழுகிறது ஒரு குத்து. குளியலறையில் எதிரி ஒளிந்திருக்கிறான், நம்பர் வெளியே வரக் கூடாது, காரணம் நியாயம்தான். ஆனால் குத்து வாங்கியவர் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வேலையைப் பார்க்கிறாரே, அந்த உரிமை வருஷக்கணக்கான சிநேகிதத்தில்தான் வரும். கதைப்படி சிநேகிதம் பழையது. பார்க்கிற நமக்கோ ஆள் புதுசு. அந்தக் குத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். நட்பு என்று ஒருபோதும் உணர்ந்ததில்லை.

பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங் 1953-இல் எழுதிய முதல் நாவலிலேயே லைட்டர் இருக்கிறார். சூதாட்ட மேஜையில் பாண்ட் எல்லாவற்றையும் தோற்று உட்கார்ந்திருக்கும்போது, கனத்த உறையில் 3 கோடியே 20 லட்சம் ஃபிராங்க் வந்து சேர்கிறது, கொடுத்தது அவர்தான். போரில் ஜெயித்தும் பிரிட்டனின் கஜானா காலியாகிக் கிடந்த காலம். பணம் அமெரிக்கனுடையது, சாமர்த்தியம் ஆங்கிலேயனுடையது என்று ஃபிளெமிங் பங்கு பிரித்துவிட்டார். திரையிலும் அந்தப் பங்கீடு தொடர்ந்தது. 'லிவ் அண்ட் லெட் டை'யில் (1973) பாண்ட் விமானங்களை நொறுக்கிவிட்டுப் போகிறார். ஃபோனில் வாங்கிக் கட்டிக்கொள்வது லைட்டராக வந்த டேவிட் ஹெடிசன்.

பழைய லைட்டர்களில் ஹெடிசனுக்கு மட்டும் இன்னொரு அழைப்பு வந்தது. 'லைசென்ஸ் டு கில்' (1989) கதையில் கல்யாண நாளன்றே மனைவியைக் கொன்று, லைட்டரைச் சுறாவுக்குப் போடுகிறார்கள். பாண்ட் வேலையையே உதறிவிட்டுப் பழிவாங்கக் கிளம்புகிறார். யாரோ ஒருவருக்காக இவ்வளவும் நடந்தால் ரசிகனுக்கு எப்படி ஒட்டும்? அதற்கு முந்தைய படத்தில் லைட்டராக வந்த ஜான் டெரி மனத்தில் தங்கவே இல்லை. எனவே 16 வருஷத்துக்கு முந்தைய முகத்தையே கூப்பிட்டார்கள். அறுபதைத் தாண்டிய மாப்பிள்ளை, நாற்பதுகளில் இருக்கும் தோழன். பொருத்தம் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த முகத்தோடு நமக்குப் பழைய பழக்கம் இருப்பதால் பாண்டின் ஆத்திரம் நம்மையும் தொட்டுவிடுகிறது.

இந்தப் பாடம் முழுதாகப் பலித்தது ஜெஃப்ரி ரைட்டிடம். 'கேசினோ ராயல்' (2006) படத்தில், தோற்றுப்போய்க் கத்தியோடு கிளம்பும் பாண்டை மறித்து, மீண்டும் ஆடப் பணம் தருகிறார். அந்த முதல் நாவலின் உறை ஐம்பது வருஷம் கழித்துத் திரைக்கு வந்துவிட்டது. 2008-இல் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' பொலிவியா மதுக்கடையில், தன் அலுவலகம் ஆள் அனுப்பியிருப்பதைப் பாண்டிடம் சொல்லித் தப்பவைக்கிறார். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே லைட்டர் வந்தது அதுதான் முதல் முறை. 2021-இல் 'நோ டைம் டு டை'யில் மூழ்கும் கப்பலுக்குள் அவர் சாகும்போது வசனகர்த்தாவுக்குப் பெரிய வேலையே இல்லை. 15 வருஷம் பார்த்த முகம், அது போதும்.

பாண்டுக்கு இசை உண்டு, கோட்டு உண்டு, நம்பர் உண்டு. யார் போட்டாலும் நாலு நாள் முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொள்வோம். லைட்டரிடம் இருப்பது முகம் ஒன்றுதான். நண்பன் என்று கதை எத்தனை முறை சொன்னாலும், அதே ஆள் இரண்டாவது முறை வரும்போதுதான் நாம் நம்புகிறோம். அடுத்த பாண்ட் யார் என்று உலகமே பந்தயம் கட்டுகிறது. தயாரிப்பாளர்கள் அவரிடம் கையெழுத்து வாங்கும் அன்றைக்கே ஒரு லைட்டரிடமும் மூன்று படத்துக்குச் சேர்த்து வாங்கிவிட்டால் நல்லது.